பச்சோந்திக்குக் குளிர்ந்த இரவு

பச்சோந்திக் குடும்பத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன; மிச்சத்தில் பெரும்பான்மை ஆப்பிரிக்காவில். அரேபியாவில் சில, தமிழ்நாட்டு வேலிகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் ஒன்று. மலேசியக் காடுகளில் ஒன்றுகூடக் கிடையாது. பினாங்குத் தோட்டங்களில் கழுத்துச் சிவக்கத் தலையாட்டுவது ஓணான். மரத்தில் பச்சைப்பசேலென்று வால் நீண்டு தெரிவது அதன் உறவான பச்சை ஓணான். இரண்டும் நிறம் மாறும் என்பதால் பச்சோந்தி என்று நம்பிப் பிடித்து அடைப்பவர்கள் உண்டு. அடையாளம் காண்பது எளிது. பச்சோந்தியின் பாதம் இரண்டு விரலும் மூன்று விரலுமாகப் பிரிந்து கிளையை இடுக்கிபோல் பற்றும். கண்கள் கூம்பாகத் துருத்தி, ஒன்று முன்னே பார்க்கும்போது மற்றது பின்னே பார்க்கும். நடை, அவசரமே தெரியாத நடை. ஓடிப் போவது எதுவும் பச்சோந்தியாக இருக்காது.

ஆகவே பினாங்கில் விலைக்கு வரும் பச்சோந்தி எதுவானாலும் கடல் கடந்த இனம். செல்லப்பிராணிச் சந்தையில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் மூன்று. முதலாவது ஏமன் பச்சோந்தி. தலையில் கொண்டைபோல் உயர்ந்த எலும்பு முகடு உடையது, ஆண் அரை மீட்டருக்கு மேலும் வளரும், முரட்டுக் குணம். அடுத்தது பேந்தர் பச்சோந்தி. மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரையோரங்களைச் சேர்ந்தது. நோசி பே தீவின் ஆண் நீலப்பச்சை, அம்பிலோபேயின் ஆண் சிவப்பும் நீலமுமான பட்டை என்று ஊருக்கு ஒரு நிறம். மூன்றாவது மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்தி, கென்யா, தான்சானியா மலைகளிலிருந்து.

கொம்பில் மயங்கி ஜாக்சனை வாங்குவதே புதியவர் செய்யக்கூடிய பெரிய தவறு. அது குளிர்ந்த மலைக்காட்டு உயிர். இரவில் பத்துப் பதினைந்து டிகிரிவரை இறங்கும் இடங்களில் வாழ்வது. பினாங்குக் கொடிமலையின் உச்சியில் வீடு உள்ளவர் வேண்டுமானால் யோசிக்கலாம். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியில் அதை வைப்பது கொடுமை. ஏமன் பச்சோந்தி தாக்குப்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால் அதன் ஊரிலும் மலைச்சரிவுகளில் பகல் சூட்டுக்குப் பின் இரவு நன்றாகக் குளிரும். வெப்பமும் மழையும் மிகுந்த கரையோரத்திலிருந்து வரும் பேந்தர் பச்சோந்தியே பினாங்குக்கு மிகவும் ஒத்துவரும். அதிலும் ஆணாக இருப்பது நல்லது. பெண் பச்சோந்தி துணை சேராமலே முட்டை வைக்கும். ஈரமணல் நிரப்பிய ஆழமான தொட்டி இல்லையென்றால் முட்டை உள்ளேயே தங்கிச் செத்துப்போவதும் உண்டு. அதன் ஆயுளும் ஆணைவிடக் குறைவு. முதல்முறை வளர்ப்பவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

விலைக்கு முன்னால் தாள். இந்த மூன்று இனங்களும், அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடக்கக் கூடாது. மடகாஸ்கர் பச்சோந்திகளில் நான்கு இனங்கள் தவிர மற்ற பலவற்றின் வணிகம் 1995 முதல் நிறுத்திவைக்கப்பட்டது; அனுமதிக்கப்பட்ட நான்கில் பேந்தரும் ஒன்று. மலேசியாவில் இதற்கென 2008ஆம் ஆண்டின் சட்டம் 686உம், தீபகற்பத்துக்கு 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உள்ளன. சீட்டில்லாமல் வந்த விலங்கைக் கடத்தியவர் மட்டுமல்ல, வைத்திருப்பவரும் குற்றவாளியே. சட்டப் பட்டியல்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், எந்த இனத்துக்கு எந்த உரிமம் என்பதைப் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் நேரில் கேட்டு உறுதி செய்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போய்வரும் உறவினர் ஊர்ப் பச்சோந்தியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டால் ஒரே பதில்தான். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதைப் பிடிப்பதையும் வளர்ப்பதையும் தடுக்கிறது.

இந்த எச்சரிக்கைக்குப் பினாங்கில் தனிக் காரணம் உண்டு. 1990களில் அமெரிக்க வனவிலங்குத் துறை, ஊர்வன கடத்தலைப் பிடிக்க மாறுவேடத்தில் நடத்திய விசாரணைக்கு வைத்த பெயரே ஆப்பரேஷன் கமிலியன், அதாவது பச்சோந்தி. அதில் சிக்கியவர் பினாங்கிலிருந்து வணிகம் நடத்திய ஆன்சன் வோங். மடகாஸ்கர் ஆமைகளும் கொமோடோ உடும்புகளும் அந்த வழக்கில் வந்தன. 1998இல் மெக்ஸிகோ நகரில் கைதான அவருக்கு 2001இல் அமெரிக்க நீதிமன்றம் 71 மாதச் சிறை விதித்தது. 2010 ஆகஸ்டில் பினாங்கிலிருந்து ஜக்கார்த்தாவுக்குப் போகும் வழியில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் அவருடைய பெட்டி திறந்துகொண்டது. உள்ளே 95 போவா பாம்புகள். முதலில் விதிக்கப்பட்ட ஆறு மாதத் தண்டனையை உயர்நீதிமன்றம் ஐந்து ஆண்டாக்கியது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் குறைக்க, அவர் வெளியே வந்தார். ஊர்வன வணிக உலகில் இந்தத் தீவின் பெயர் இப்படிப் பரவிய பின், ‘தாள் நாளைக்குத் தருகிறேன்’ என்னும் விற்பனையாளரை நம்ப எந்த நியாயமும் இல்லை.

காட்டில் பிடித்த பச்சோந்தி ஒட்டுண்ணிகளோடும் நீர் வற்றிய உடலோடும் வரும். பெரும்பாலும் சில மாதங்களில் இறக்கும். கூண்டில் பிறந்து மூன்று மாதத்தைத் தாண்டிய குட்டியே ஏற்றது. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பச்சோந்தி நோயாளி. கண்கூம்பு உள்வாங்கியிருந்தாலும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறத்தில் இருந்தாலும் நீர்ச்சத்துக் குறைவு. முன்கால்கள் வில்லாக வளைந்திருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் எலும்பு மெலிந்துவிட்டது. அது பின்னால் நேராகாது. விற்பவர் ஒரு சிள்வண்டைக் காட்ட, பச்சோந்தி நாக்கை நீட்டி எடுப்பதைப் பார்த்த பிறகு வாங்கலாம்.

கூண்டு அதற்கு முன்பே தயாராகி ஒரு வாரமாவது ஓடியிருக்க வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 60 சென்டிமீட்டர் நீளம், அதே அகலம், 120 சென்டிமீட்டர் உயரம். குளிர்நாட்டு நூல்கள் சூட்டைத் தக்கவைக்கக் கண்ணாடித் தொட்டியைச் சொல்வதுண்டு. பினாங்கில் நாற்புறமும் வலை அடித்த கூண்டே சரி. ஜன்னல் சட்டம் செய்யும் அலுமினியக் கடைகளில் அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். கொசுவலைபோன்ற நார்வலையைச் சிள்வண்டு கடித்துத் துளைத்துவிடும். உலோக வலையே நிற்கும். தன்னைவிட உயரத்தில் நிற்பதையெல்லாம் பருந்தாகவே நினைக்கும் பிராணி இது. எனவே கூண்டை மேசைமேல் தூக்கி வைத்து, உச்சிக் கிளை மனிதர் கண்மட்டத்துக்கு மேலே வரும்படி அமைக்க வேண்டும். பழைய வீடுகளில் பலகாரப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைப்பதுபோல் மேசைக் கால்களையும் வைத்தால் எறும்பு ஏறாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும்; தூங்கும் பச்சோந்தியின் கண்ணோரத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்தவர்களுக்குத் தோன்றாது.

உள்ளே மண் வேண்டாம். வடிகால் தட்டு போதும். காய்ந்த கொய்யாக் கிளைகளைப் பல தடிமனில் குறுக்கே கட்டலாம். செடிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. மணி பிளாண்ட், வெள்ளத்தி, நாட்டின் தேசிய மலரான செம்பருத்தி மூன்றும் ஏற்றவை. ஏமன் பச்சோந்தி செம்பருத்தி இலையைத் தின்னவும் செய்யும். அரளி நஞ்சு, கூண்டுப் பக்கமே வரக் கூடாது. நாற்றுப்பண்ணைச் செடியில் பூச்சிமருந்து இருக்கும். இலைகளைக் கழுவி, மேல்மண்ணை மாற்றி, சில வாரம் வெளியில் வைத்த பிறகே உள்ளே. விலங்கு விரும்பும்போது முழுதாக மறைந்துகொள்ளும் அளவு இலை இருந்தால் செடி போதுமென்று பொருள்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பினாங்கில் முற்றிலும் தலைகீழாவது வெப்ப விஷயத்தில். அங்கே வீட்டுக்குள் எப்படிச் சூடேற்றுவது என்பது கேள்வி. ஜார்ஜ்டவுனில் பகல் 31, 32 டிகிரி சாதாரணம். பேந்தர் பச்சோந்தி குளிர்காயும் கிளைக்கு வேண்டியதே 29, 30தான். வெப்ப விளக்கு தேவைப்பட்டால் காலையில் ஓரிரு மணி நேரம், குறைந்த வாட்டில். சிக்கல் இரவில். இங்கே விடியற்காலையிலும் வெப்பமானி பெரும்பாலும் 23, 24 டிகிரியில்தான் நிற்கும், காற்றின் ஈரப்பதமோ உச்சத்தில். சூடும் ஈரமும் காற்றசைவில்லாமல் சேர்ந்தால் நுரையீரலில் தொற்று வரும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் வாயோரத்தில் நுரை தெரிவதும் அதன் அறிகுறி. இரவில் 20 முதல் 22 டிகிரிவரை இறங்கினால்தான் பச்சோந்தி நிம்மதியாக உறங்கும். இரவில் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில், காற்று நேரே படாத மூலையில் கூண்டை வைப்பது பல வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. மின்கட்டணம் எப்படியும் வருகிறது. பங்காளி ஒருவர் கூடுகிறார், அவ்வளவே. இரவில் சிவப்பு விளக்கோ நீல விளக்கோ கூடாது. முழு இருட்டு வேண்டும்.

புற ஊதா பி கதிர் இல்லாமல் பச்சோந்தியின் உடல் டி3 வைட்டமினை உண்டாக்காது. அது இல்லையேல் தின்ற சுண்ணாம்பு எலும்பில் சேராது. பி கதிர் ஐந்து அல்லது ஆறு சதவீதம் உள்ள டி5 நீளக்குழல் விளக்கு கூண்டின் மேல்வலைமீது கிடக்க, உச்சிக் கிளை அதற்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் கீழே இருக்கலாம். சுருள் பல்புகளை நம்ப வேண்டாம். வெளிச்சம் தெரிந்தாலும் கதிர் தேய்ந்துபோவதால் குழலை ஆண்டுக்கொருமுறை மாற்றுவது வழக்கம். ஆண்டு முழுதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே என்பதால் விளக்குக்கும் அதே கணக்கு. பால்கனியில் இளவெயில் கிடைத்தால் எந்தக் குழலும் அதற்கு ஈடாகாது. கூண்டில் பாதியாவது நிழலாக இருக்க வேண்டும், ஒன்பதரை மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் சூடு மட்டும் உண்டு, பி கதிர் கிடையாது.

கிண்ணத்துத் தண்ணீரைப் பச்சோந்தி கண்டுகொள்ளாது. இலையில் நிற்கும் துளியை நக்கியே குடிக்கும். விளக்கு எரியும் முன் விடியற்காலையில் சில நிமிடம் பனித்தூவல், இரவு விளக்கணைந்த பின் இன்னொன்று, பிற்பகலில் மேலிருந்து சொட்டுநீர். நடுப்பகலில் இலைகள் உலர்ந்திருக்க வேண்டும். நாளெல்லாம் நனைத்துக்கொண்டிருப்பது பினாங்கு ஈரத்தில் பூஞ்சைக்கு வைக்கும் விருந்து.

உணவில் பினாங்குக்காரருக்குக் கவலை குறைவு. அரோவானா மீனுக்கும் பாடும் பறவைக்கும் சிள்வண்டு விற்கும் கடைகள் இருக்கின்றன. பூச்சி, பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாகக் கூடாது. கடையில் பட்டினி கிடந்த பூச்சிக்கு ஒரு நாள் கீரையும் காரட்டும் கொடுத்து வயிறு நிரப்பி, சுண்ணாம்புப் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். டி3, வைட்டமின் ஏ சேர்ந்த பொடி மாதம் இருமுறை போதும். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி. மிஞ்சிய பூச்சியை இரவில் எடுத்துவிட வேண்டும். பசித்த சிள்வண்டு உறங்கும் பச்சோந்தியையே கடிக்கும்.

புகையைப் பற்றி எந்த அயல்நாட்டு நூலும் எழுதுவதில்லை. டிங்கிக் கொசுவுக்கு மருந்துப் புகை அடிக்கும் நாளில் பால்கனிக் கூண்டு அறைக்குள் வந்து கதவு சாத்தப்பட வேண்டும். அடுத்த சில வாரம் தோட்டத்துப் பூச்சி எதையும் கொடுக்கக் கூடாது. கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, பேய்மாதத்தில் அக்கம்பக்கத்துச் சீனர் வீடுகளின் ஊதுவத்தி, 2015, 2019போல் சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் ஆண்டுகள் எல்லாவற்றிலும் கூண்டறை தனியாக மூடியிருப்பது நல்லது.

நிறமாற்றம் ஒளிந்துகொள்ளும் தந்திரம் என்பது பரவலான நம்பிக்கை. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் பேந்தர் பச்சோந்தியின் தோலில் மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி விரிந்து சுருங்குவதால் நிறம் மாறுவதைக் காட்டினார்கள். ஆனால் அந்த நிறமாற்றம் பெரும்பாலும் மனநிலை, வெப்பம், எதிரி, துணை ஆகியவற்றுக்கான பதில். வளர்ப்பவருக்கு அது தினசரிச் செய்தித்தாள். குளிரும் காலையில் கறுத்திருந்தால் வெயிலை வாங்குகிறது. நண்பகலிலும் கறுத்தே இருந்தால் ஏதோ சரியில்லை. வெளுத்து வாய் பிளந்தால் சூடு அதிகம். கையில் எடுக்கும்போது நிறம் பளிச்சிடுவதைப் பாசம் என்று எண்ணிவிடக் கூடாது, அது கோபம். பச்சோந்தி தடவிக் கொடுக்கப்படுவதை விரும்பும் பிராணி அல்ல, இன்னொரு பச்சோந்தியையும் அது விரும்பாது. ஒரு கூண்டுக்கு ஒன்று. எதிரே கண்ணாடிகூட இருக்கக் கூடாது.

வாங்கும் முன்னரே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்து வைக்க வேண்டும். நாய் பூனை மருத்துவர் எல்லாரும் இதைப் பார்ப்பதில்லை. முதல் மாதத்தில் எச்சத்தைப் பரிசோதனைக்குக் கொடுப்பதும், வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை குறிப்பதும் பழக்கமானால் நோய் முன்னதாகவே பிடிபடும். நல்ல கவனிப்பில் ஆண் பேந்தர் ஐந்து ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் வாழும். இடையில் வளர்க்க முடியாமல் போனால் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய இன்னொருவரிடமோ துறையிடமோ ஒப்படைக்கலாம். மரத்தில் விட்டுவிடுவதற்கு மட்டும் இடமில்லை. 1972இல் ஹவாய்த் தீவுகளில் செல்லப்பிராணி வணிகர் ஒருவர் தேறட்டும் என்று தோட்டத்தில் விட்ட ஜாக்சன் பச்சோந்திகள் பல்கிப் பெருகி, இன்று அத்தீவுகளின் நத்தைகளையும் பூச்சிகளையும் தின்றுகொண்டிருக்கின்றன.