சேமநிதிப் பணம் யார் கையில்?

55 வயது நெருங்கினால் போதும், லயத்து வாசலுக்குப் புது விருந்தாளிகள் வந்துவிடுகிறார்கள். "அண்ணே, இ.பி.எப். பணத்த சும்மா வச்சு என்ன செய்யப் போறீங்க? தங்கத்துல போடுங்க, மாசா மாசம் காசு வரும்" என்கிறார்கள்.

தோட்டத்து மக்களே, சற்று யோசிப்போம். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். நம்மவர்களில் பலருக்கு அந்தப் பணம்தான் ஓய்வூதியம். ஒதுங்க ஒரு வீடும் அதில்தான்.

சேமநிதியில் 1996 முதல் முதலீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. வயதுக்கேற்ற அடிப்படைச் சேமிப்புக்கு மேல் இருப்பவர்கள், மிஞ்சிய தொகையில் 30 விழுக்காடு வரை வாரியம் அங்கீகரித்த யூனிட் டிரஸ்ட்டில் போடலாம். எடுத்த தொகைக்கு வாரியம் இலாப ஈவு தராது. நட்டம் வந்தால் அவரவர் பாடு. தங்கக் கட்டியும் நிலத்துண்டும் அதில் கிடையாது. அதனால்தான் ரொக்கமாக எடுக்கச் சொல்கிறார்கள்!

எடுக்காமல் விட்டால் என்ன? 100 வயது வரை இலாப ஈவு உண்டு. சாதாரணச் சேமிப்புக்குச் சட்டப்படி 2.5 விழுக்காட்டுக்குக் குறையாது. 2024-க்குக் கிடைத்தது 6.3 விழுக்காடு. 55 ஆன பின் தேவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவும் எடுக்கலாம்.

2012-ல் பேங்க் நெகாரா ஒரு தங்க வியாபார நிறுவனத்தைச் சோதனையிட்டபோது, மாதப் பணத்தை நம்பிப் போட்ட ஆயிரக்கணக்கானோர் தவித்தார்கள். அதை மறக்கலாமா?

முதலீடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்கள் சங்கத்துக்குச் சொந்தமானது. அங்கே நிலம் கண்ணுக்குத் தெரிந்தது, சங்கம் பதிவானது, கணக்குக் கேட்கக் கூட்டம் இருந்தது. கட்டியதும் மாதம் 10 வெள்ளிதான், முழுச் சேமிப்பும் அல்ல.

இன்று வாசலுக்கு வருகிறவரிடமும் அதையே கேளுங்கள். பொருள் எங்கே? உரிமம் யார் கொடுத்தது? கணக்கை யார் பார்ப்பது? பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க" என்று அவசரப்படுத்துகிறவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். பணம் வாரியத்திலேயே இருக்கட்டும்.