வாசலில் கார், வீதியில் மக்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதி, ஏறக்குறைய ஐந்தாண்டுகளின் பின் 2025 பெப்ரவரியில் தனியார் பாவனைக்கும் திறந்துவிடப்பட்டது. அன்று தொட்டு எந்தக் காருக்கு எவ்வளவு தீர்வை, என்ன விலை என்பதே பேச்சு. காரில்லாத குடும்பம் எவ்வாறு பயணம் செய்கிறது என்று கேட்போரைக் காணோம். நாம் அதைக் கேட்க விரும்புகிறோம்.

1950களில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் கார் நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர், அப்புக்காத்து, பெரிய வர்த்தகர் ஆகியோரின் வாசல்களிலேயே ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் நின்றன. ஏனையோர் அவசரத்துக்கு வாடகைக் காரை நாடினர். அன்றாடத்துக்குச் சைக்கிளும் பஸ்ஸுமே துணை. 1958 ஜனவரி 1ஆந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. காரில்லாதவனைக் கொண்டுசெல்வதும் அரசாங்கத்தின் கடமை என்பது அன்று ஏற்கப்பட்டது. நிர்வாகத்தில் குறைகள் இருந்திருக்கலாம், கொள்கையில் குறையில்லை.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு புதிய கார்களுக்குக் கதவடைத்தது. வைத்திருந்தவர்கள் பழையதையே திருத்தித் திருத்தி ஓட்டினர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானியக் கார்கள் வந்தன. நடுத்தரக் குடும்பங்களும் கார் வாங்கத் தொடங்கின. அது நல்லதே. ஆனால் அதே காலத்தில் போக்குவரத்துச் சபை கூறுபோடப்பட்டு நலிந்தது. இலாபமுள்ள பாதையில் தனியார் பஸ்கள் முண்டியடித்தன. இலாபமற்ற கிராமத்துப் பாதையில் மக்கள் காத்து நின்றனர்.

வடக்கின் கதை வேறு. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் இல்லை, பெற்றோலும் இல்லை. சில துளி பெற்றோலில் இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின்களே நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றன. தெற்கில் கார் வசதியின் சின்னமாக வளர்ந்த வேளையில், வடக்கில் அது உயிர்காக்கும் கருவியாக மூச்சுவாங்கியது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப 2014 ஒக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

யுத்தம் 2009இல் முடிந்தபின் வாகனங்கள் பெருகின. அவற்றில் பல, லீசிங் கடனில் வந்தவை. பஸ்ஸை நம்பமுடியாத குடும்பம் கடனை நம்பியது. 2022இல் அந்த நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், ஜூன் முடிவதற்குள் 470 ரூபாவாயிற்று. விலை கொடுக்கத் தயாராயிருந்தவருக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. வாசலில் கார் நிற்க, உரிமையாளர் வரிசையில் நின்றார். பொதுப் போக்குவரத்து நலிந்த நாட்டில் கார் வைத்திருப்பவனும் பாதுகாப்பாக இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்நிலை ஏன் நீடித்தது? காரணம் இரகசியமன்று. பாராளுமன்ற உறுப்பினருக்கும் உயர் அதிகாரிக்கும் தீர்வைச் சலுகையுடன் வாகன அனுமதிப்பத்திரம் வழங்கும் வழக்கம் பல ஆண்டுகள் நிலவியது. சாதாரண குடும்பமோ காரின் அடக்கவிலையை விஞ்சும் தீர்வையையும் செலுத்த நேர்ந்தது. பஸ்ஸைப் பற்றித் தீர்மானிப்பவர் பஸ்ஸில் ஏறவேண்டிய தேவையில்லாதவராய் இருந்தார். காத்து நிற்பவளின் கால்வலி அவருக்கு எப்படித் தெரியும்?

கார் வாங்குவோரை நாம் குறைகூறவில்லை. பாவனைக்காகவே அவர்கள் வாங்குகிறார்கள்; வரியும் கட்டுகிறார்கள். அவ்வரியில் ஒரு பங்கு பஸ்களுக்கென ஒதுக்கப்படவேண்டும் என்பதே நமது கோரிக்கை. முல்லைத்தீவின் உட்கிராமத்து மாணவி மாலை வகுப்பு முடிந்து வீடு திரும்பவும், கூலித் தொழிலாளி விடியற்காலையில் வேலைக்குச் செல்லவும் குறித்த நேரத்தில் பஸ் வரவேண்டும். எத்தனை வீடுகளில் கார் நிற்கிறது என்பது நாட்டின் முன்னேற்றத்துக்கு அளவுகோலாகாது. காரில்லாத வீட்டார் தலைநிமிர்ந்து பயணம் செய்கிறார்களா என்பதே அளவுகோல்.