மாரியப்பனும் நம் கைதட்டலும்

வென்றாரைப் புகழ்தல் எளிது. எதனைப் புகழ்கின்றோம் என்று தெரிந்து புகழ்தலோ அரிது. நம் சேர்வராயன் மலையைத் தன்னகத்தே கொண்ட சேலம் மாவட்டத்தில், பெரியவடகம்பட்டி என்னும் சிற்றூரிற் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவின் புகழே இதற்குச் சான்றாகும்.

உடற்குறையுடையோர்க்கென நடத்தப்பெறும் பாராலிம்பிக் விளையாட்டு 2016-ஆம் ஆண்டு ரியோ நகரில் நிகழ்ந்தது. அதில் அவர் 1.89 மீட்டர் உயரம் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். தமிழ்நாடு அரசு இரண்டு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. 2017-இல் பத்மஸ்ரீ விருதும், 2020-இல் கேல் ரத்னா விருதும் அவரை அடைந்தன. ஆயின் அவரைக் குறித்து நம்மவர் பெரிதும் பேசுவன யாவை? ஐந்து வயதிற் பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த துயரமும், காய்கறி விற்றுக் குடும்பங் காத்த அன்னையின் வறுமையுமே. அவை உண்மையே, நெஞ்சை உருக்குவனவுமாம். ஆயினும் அத்துயரம் அவரைக் குறுக்குக்கோலின்மேல் ஏற்றிவிடவில்லை, ஏற்றியது பயிற்சியே.

நிற்க. 2021-இல் நிகழ்ந்த டோக்கியோப் போட்டியில் அவர் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024-இல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார். “பொன் வெள்ளியாகி, வெள்ளி வெண்கலமாயிற்று; இஃது இறங்குமுகமன்றோ?” என்பாரும் உளர். அன்னார் பதக்கத்தின் நிறத்தை நோக்கினரேயன்றி அளவுகோலை நோக்கிலர். எட்டாண்டுகளில் அம்மூன்று தாவல்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு நான்கு சென்டிமீட்டரே. ஏறக்குறைய இரண்டு விரற்கடை! பாரிஸில் வென்ற அமெரிக்க வீரர் 1.94 மீட்டர் தாண்டினார். பதக்கத்தின் நிறம் பிறர் தாண்டும் உயரத்தையும் பொறுத்தது. தன் உயரமோ தன் முயற்சியையே பொறுத்தது. தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கிற் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. பவுலடிகளாரும் கொரிந்தியர்க்கு எழுதுங்கால், பந்தய வீரரின் அழியும் வாகையையன்று, அவர்தம் இச்சையடக்கத்தையே எடுத்துக்காட்டினார்.

இரக்கத்தாற் பிறக்கும் புகழ்ச்சிக்கு ஒரு கேடுண்டு. அஃது ஒருவரை அதிசயமாக்கி, அவரைப் போன்ற ஏனையோரை மறக்கச் செய்யும். மாரியப்பனைப் பள்ளியில் உயரந்தாண்டுதற்கு ஊக்கியவர் ஓர் உடற்பயிற்சி ஆசிரியர். அவர், “நீ ஓரமாக அமர்ந்திரு” என்றிருப்பின் அப்பதக்கங்கள் யாண்டுப் பெறப்படும்? கரடியூர் போன்ற மலையூர்களிலும் கால் நலிந்த சிறார் இருப்பர். விளையாட்டு வேளையில் மரநிழலில் அமர்ந்து, ஏனையோரின் செருப்புக்கும் சட்டைக்கும் காவலிருப்பர். அவர்க்கு வேண்டுவது நம் கண்ணீரன்று. இரண்டு கம்பமும், ஒரு குறுக்குக்கோலும், வீழ்தற்கு ஒரு மெத்தையும், “தாண்டு” என்று சொல்ல ஓர் ஆசிரியருமே.

நம் கல்லூரி விளையாட்டு விழாவிலும் அத்தகையோர்க்கென ஒரு போட்டி அமைத்தல் தகும். மாணவ நண்பர்களே, பழைய மாணவப் பெரியோர்களே, இதனைச் சிந்தியுங்கள். மாரியப்பனுக்கு நாம் தட்டிய கைகள் அப்பணியிலும் முற்படுவனவாக!