செலவும் சுமையும்

பழந்தமிழில் செலவு என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. செலவழுங்கல் என்றொரு துறையே அகப்பாடல்களில் உண்டு. இன்றோ அச்சொல் பணம் கரைவதையே குறிக்கிறது. மிதிவண்டியில் நெடும்பயணம் புறப்பட விரும்பும் மாணவர்கள் நம்மிடம் கேட்பவற்றை நோக்கின், இவ்விரு பொருளும் மீண்டும் ஒன்றாகிவிட்டனவோ என்று தோன்றுகிறது. எந்தக் கூடாரம் எடை குறைந்தது, எந்தப் பையில் நீர் புகாது, விலை என்ன என்பனவே அவர்தம் வினாக்கள். எதை விட்டுச் செல்லலாம் என்று கேட்டவர் மிகச் சிலரே.

பைக்பேக்கிங் என இன்று வழங்கும் முறை, பின்சக்கரத்தின் இருபுறமும் பெரும்பைகளைத் தொங்கவிடும் பழைய வழக்கத்தினின்று வேறுபட்டது. கைப்பிடியின் முன் ஒரு சுருள், சட்டத்தின் முக்கோணத்துள் ஒரு பை, இருக்கையின் பின்னால் ஒரு பை எனப் பொருள்களை வண்டியோடு ஒட்டக் கட்டுவர். கருவிகள், உணவு, நீர் முதலிய கனமானவை முக்கோணத்துள் தாழ்வாக அமைய வேண்டும். படுக்கை போலப் பருத்தும் இலேசாயும் இருப்பவை முன்னால் செல்லலாம். பின்பையில் கனத்தை ஏற்றினால் மேடுபள்ளத்தில் அது வாலாட்டும். கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர் செல்லும் டூர் டிவைட் பந்தயம் 2008-இல் தொடங்கியது. அதில் ஓட்டுவோர் பெரும்பாலும் இம்முறையையே கைக்கொள்கின்றனர்.

ஆயினும் இதன் கருத்து புதியதன்று. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பார் 1884 ஏப்ரல் 22 அன்று சான் பிரான்சிஸ்கோவிலிருந்து, முன்சக்கரம் மிகப் பெரிதாக நிற்கும் பழைய மிதிவண்டியில் புறப்பட்டார். 1886 டிசம்பர் 17 அன்று யோகோஹாமாவில் தம் உலகப் பயணத்தை முடித்தார். இடையே லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டையும் கடந்தார். புறப்படுகையில் அவர் கொண்டது காலுறைகள், ஒரு மாற்றுச் சட்டை, கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவிய மழைக்கோட்டு, ஒரு கைத்துப்பாக்கி. (இறுதிப் பொருளை நம் மாணவர்கள் விட்டுவிடலாம்.) அந்த மழைக்கோட்டு விலையுயர்ந்த துணியால் ஆனதன்று. ஒரு பொருள் மூன்று வேலை செய்தது. ஆகவே இரண்டு பொருள்கள் வேண்டாதொழிந்தன.

நமக்கு இது பட்டபின்னரே விளங்கிற்று. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள், ஒரு மாணவரது கேரியரின் போல்ட் முறிந்து மூட்டை சாலையில் சரிந்தது. இறங்கி வந்து அடிவாரத்து மளிகைக் கடைத் தராசில் நிறுத்தபோது 14 கிலோ! இரண்டு போர்வை, மூன்று முழுக்காற்சட்டை, பாடநூல்கள் இரண்டு, ஊறுகாய்க் கண்ணாடிச் சீசா ஒன்று. அவற்றுள் உண்மையில் பயன்பட்டது 5 கிலோ அளவே. கண்ணாடிச் சீசாவைக் கட்டிக்கொடுத்த அன்னையை நாம் குறை கூற மாட்டோம். பாடநூல்களைப் பற்றி மட்டும் அம்மாணவர் இன்றுவரை விளக்கம் தரவில்லை.

கணக்கு எளிது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ எனக் கொள்வோம். செங்குத்தான ஏற்றத்தில் அதே முயற்சிக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ எடைக்கேற்பவே கூடும். 8 கிலோ கூடினால் இரண்டு மணி நேர ஏற்றம் 12 நிமிடம் நீளும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கூடாரத்தில் 800 கிராம் குறைப்பவர் ஈட்டுவது ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல். வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படும் ஒன்பது கிலோவிற்கோ காசே இல்லை. நல்ல கருவி வாங்க இயலாதவர்க்கு இப்பயணம் இல்லை என்னும் எண்ணம் மாணவரிடையே பரவுவதைத்தான் நாம் மறுக்கிறோம்.

குறைத்தல் என்னும் ஆர்வம் எல்லை மீறவும் கூடாது. 2021 மே 22 அன்று சீனத்தின் கான்சு மாநிலத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டப் பந்தயத்தில் திடீரெனக் குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் தாக்க, 21 பேர் உயிரிழந்தனர். பலர் அணிந்திருந்தது மெல்லிய சட்டையும் அரைக்காற்சட்டையுமே. காற்றுத்தடுப்புச் சட்டை அங்குக் கட்டாயமாக்கப்படவில்லை. மலைக்குச் செல்லும் மிதிவண்டிக்காரர்க்கும் இதே நிலை நேரலாம். ஏறும்போது வியர்வையில் நனைந்த உடல், இறங்கும்போது காற்றில் விறைத்துப்போகும். மழைச்சட்டை, உலர்ந்த உடை ஒன்று, விளக்கு, மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், போதிய நீர் ஆகியன பயன்படாமலே திரும்பி வந்தாலும் அடுத்த முறையும் செல்ல வேண்டியவை.

மற்றவற்றைக் குழுவாகப் பகிரலாம். நால்வர்க்கு நான்கு பம்பும் நான்கு அடுப்பும் எதற்கு? நம் துறை அலமாரியில் ஒரு பம்பும் ஸ்பேனர்களும் உள்ளன. டிசம்பர் விடுமுறைக்குப் புறப்படுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். புறப்படுமுன் மூட்டையை நிறுத்துக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.