பெயரை மூடிவிட்டு ருசி பார்ப்பது

ஒயின் சுவைப்பதைப் பற்றி எழுதினால், "வாத்தியாருக்கு இந்த வயதில் இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அதைத் தொட்டதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்தி, விடைத்தாள் திருத்தியவன். ஒயினுக்கு மதிப்பெண் போடும் முறையைப் படித்தபோது எனக்குத் திருத்தும் முகாம்தான் நினைவுக்கு வந்தது.

சுவைப்பவர்கள் அதைக் குடிப்பதில்லை. கோப்பையைச் சாய்த்து நிறம் பார்ப்பார்கள், சுழற்றி முகர்வார்கள், ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டிவிட்டுத் துப்பிவிடுவார்கள். அந்தப் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியிலும் அதுதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் துவர்ப்பைத் தரும். டீத்தூளை அதிகம் கொதிக்கவிட்டால் வாய் வறளுமே, அதே சங்கதி. இதையெல்லாம் பிரித்துச் சொல்லப் பழகிய நாக்கு வேண்டும். அது ஒரு வித்தைதான்.

ஆனால் நாக்குக்கு முன்னால் கண் முந்திக்கொள்கிறது. 2001-இல் ஃபிரெடெரிக் புரோஷே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரின் ஆய்வு வெளியானது. வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வர்ணித்தார்கள்.

கண்ணே இப்படி ஏமாற்றினால், புட்டியில் ஒட்டிய பெயர் என்ன செய்யாது? 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி, புட்டிகளின் பெயர் தெரியாதபடி ஒரு போட்டி வைத்தார். தேர்ந்த பிரெஞ்சு நடுவர்களே மதிப்பெண் போட்டார்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் பிடித்தவை கலிபோர்னியா ஒயின்கள். பெயர் தெரிந்திருந்தால் பிரான்சின் புகழ்பெற்ற ஒயின்களைத் தாண்டி அவற்றுக்கு அந்த இடம் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்களும் இதைத்தான் செய்தோம். மாணவனின் பதிவெண் மறைக்கப்பட்டு, டம்மி எண்ணோடு விடைத்தாள் எங்கள் மேசைக்கு வரும். எந்த ஊர், எந்தப் பள்ளி, யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. குக்கிராமத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

ஆனால் பெயரை மூடினால் மட்டும் போதாது. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற பேராசிரியர், சொந்தமாகச் சிறிய ஒயின் ஆலை நடத்தியவர், கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களைச் சோதித்தார். ஒரே புட்டி ஒயினை மற்றவற்றோடு கலந்து மூன்று முறை கொடுத்தார். நான்கு மதிப்பெண் மேலும் கீழும் போவது சகஜமாக இருந்தது. சீராகப் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. காலையில் திருத்தும் கைக்கும், சாப்பாட்டுக்குப் பின் திருத்தும் கைக்கும் வித்தியாசம் உண்டு. மிக நல்ல தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் இன்னும் சுமாராகத் தெரியும். ஒயினில் நான்கு மதிப்பெண் போனால் பதக்கம் போகும். இங்கே கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணில் கல்லூரி இடத்தை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

அதனால் ஒயின் சுவைப்பது வெறும் வேஷம் என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். புளிப்பு தூக்கல், துவர்ப்பு அதிகம் என்று அனுபவசாலி சொன்னால் நம்பலாம். 91 உயர்ந்தது, 89 தாழ்ந்தது என்று அவரே சொன்னால் நம்பவேண்டியதில்லை. பெயரை மூடுங்கள், இரண்டு பேரைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசம் வந்தால் மூன்றாமவரிடம் கொடுங்கள். ஒயினுக்கு இது வேண்டுமோ வேண்டாமோ, பிள்ளைகளின் விடைத்தாளுக்குக் கட்டாயம் வேண்டும். செலவும் நாளும் கூடும் என்பார்கள். கூடட்டுமே.