ஒத்து ஊதினால் இளக்காரமா?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் கிறிஸ் டெய்லி என்று பெயரைச் சொன்னால் போதும், உடனே ஒரு கேள்வி வரும். "இவ்வளவு திறமை இருந்தும் அவர் ஏன் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை?" கேட்கிறவர் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொள்வார். ஆனால் அது பாராட்டே இல்லை. நாற்பது வருட வேலையை ஒரே 'அய்யோ பாவ'த்தில் முடித்து வைக்கிற கேள்வி.

யார் இந்த டெய்லி? ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். 1982ல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். கல்லூரிப் பெண்கள் விளையாட்டுக்கென்று அப்போது தனியாக இருந்த சங்கம் நடத்திய கடைசிக் கூடைப்பந்துப் பட்டம் அது. பிறகு கார்னெலிலும் ரட்கர்ஸிலும் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 1985ல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தலைமைப் பயிற்சியாளராக ஜீனோ ஆரியெம்மா அங்கே சேர்ந்ததும் அதே வருடம்தான்.

அன்றைக்கு அந்த அணியை யாரும் சீந்தவில்லை. அதுவரை அதன் வரலாற்றில் ஒரே ஒரு சீசனில்தான் தோல்வியை விட வெற்றி அதிகம். இவர்கள் வந்த முதல் வருடமும் 12 வெற்றி, 15 தோல்வி. 1991ல் முதன்முதலாக இறுதி நான்கு அணிகளில் ஒன்றானது. 1995ல் 35 ஆட்டம், 35 வெற்றி, முதல் பட்டம். 2025ல் பன்னிரண்டாவது பட்டம். இந்தப் பன்னிரண்டிலும் டெய்லி இருக்கிறார்.

"இருக்கிறார், சரி. என்ன செய்தார்?" என்று அடுத்த கேள்வி வரும். கல்லூரிக் கூடைப்பந்தில் ஆட்டம் என்பது இரண்டு மணி நேர விவகாரம். மீதி வருடம் முழுக்க நடப்பதுதான் வேலை. பள்ளிக்கூட மைதானங்களில் உட்கார்ந்து பதினாறு வயதுப் பெண்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் பேச வேண்டும். வந்து சேர்ந்த பிறகு படிக்கிறாளா, தூங்குகிறாளா, பயிற்சிக்கு நேரத்துக்கு வருகிறாளா என்று கவனிக்க வேண்டும். நான்கு வருடத்தில் அந்தப் பெண் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வேலையில் பெரும்பகுதி எந்தக் கல்லூரியிலும் துணைப் பயிற்சியாளர்கள் தலையில்தான்.

2021 மார்ச்சில் கொரோனா காரணமாக ஆரியெம்மாவால் தேசியப் போட்டியின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வர முடியவில்லை. டெய்லி அணியை நடத்தினார். 102-59, 83-47 என்று இரண்டிலும் வெற்றி. பதவிக்குத் தகுதி போதாமல் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அல்ல அவர் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இனி 'ஏன் ஆகவில்லை' கோஷ்டி சொல்கிற வழியில் போனவர் ஒருவரைப் பார்க்கலாம். ஹாலி வார்லிக். டெய்லி கனெக்டிகட் போன அதே 1985ல் டென்னசியில் பேட் சம்மிட்டுக்குத் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 27 வருடம் இருந்தார். சம்மிட் வென்ற எட்டுப் பட்டங்களிலும் கூட இருந்தார். தனக்கு மறதிநோய் என்று 2011 ஆகஸ்டில் சம்மிட் அறிவித்த பிறகு, 2011-12 சீசனில் பெரும்பாலான பொறுப்புகளைச் சுமந்தவர் வார்லிக்தான். அந்த சீசனின் 27 வெற்றிகள் சம்மிட்டின் 1,098ல் சேர்ந்துவிட்டன. வார்லிக் அதற்காக வருத்தப்பட்டிருக்க மாட்டார். ஆனால் கணக்கு கணக்குதானே?

2012ல் வார்லிக்குக்கே தலைமைப் பதவி கிடைத்தது. ஏழு சீசனில் 172 வெற்றி, 67 தோல்வி. ஏழு வருடமும் தேசியப் போட்டிக்குத் தகுதி. மூன்று முறை கடைசி எட்டு. கடைசி சீசன் மட்டும் 19-13. 2019 மார்ச்சில் வேலை போயிற்று. 27 வருடம் வெற்றியில் பங்கு கேட்காத ஒருவர் மீது, ஒரு மோசமான வருடத்தின் முழுப் பழியும் விழுந்தது. "மேலே ஏறு, மேலே ஏறு" என்று உபதேசிப்பவர்கள் இந்தக் கதையைச் சொல்வதே இல்லை.

கணக்கு எழுதுவதிலாவது ஒரு ஒழுங்கு உண்டா என்றால் அதுவும் இல்லை. 1995-96ல் டாரா வாண்டர்வீர் அமெரிக்க ஒலிம்பிக் அணிக்காக விடுப்பில் போனபோது, ஏமி டக்கரும் மரியான் ஸ்டான்லியும் ஸ்டான்ஃபோர்டை நடத்தினார்கள். 29 வெற்றி, 3 தோல்வி. அந்த 29 வாண்டர்வீர் கணக்கில் ஏறவில்லை. நியாயம். ஆண்கள் ஆட்டத்தில் அதற்கு முந்தைய வருடம் நடந்தது வேறு. ட்யூக்கில் மைக் ஷஷெவ்ஸ்கி முதுகுவலியால் சீசன் நடுவே விலகினார். அப்போது 9-3. மீதியைத் துணைப் பயிற்சியாளர் பீட் கோடெட் நடத்த, 4 வெற்றி, 15 தோல்வி. அந்த 15 தோல்வியும் கோடெட் பெயரில் பத்திரமாக இருக்கிறது. ஆக, டென்னசியில் வெற்றி தலைவருக்கு, ட்யூக்கில் தோல்வி துணைக்கு!

கூத்து அதோடு முடியவில்லை. 1991ல் என்.சி.ஏ.ஏ. கொண்டுவந்த விதிப்படி கூடைப்பந்து அணிகளில் ஒரு துணைப் பயிற்சியாளருக்கு வருடத்துக்கு 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது. கோடெட் அந்த வகைதான். பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த உச்சவரம்பு சட்டவிரோதம் என்று 1998ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. 1999ல் 54.5 மில்லியன் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டார்கள். துணைப் பயிற்சியாளர் என்றால் தலைமைப் பதவிக்குக் காத்திருக்கும் ஆள், காத்திருப்பவனுக்கு எதற்குச் சம்பளம் என்கிற நினைப்புக்கு விழுந்த அபராதம் அது.

ஒரு எதிர்வாதத்தை மட்டும் தள்ளிவிட முடியாது. பெண்கள் அணி, தலைவர் ஆண், நாற்பது வருடம் இரண்டாமிடத்தில் பெண். இது உறுத்தவில்லையா? உறுத்தத்தான் வேண்டும். கல்லூரிகளில் பாலினச் சமத்துவச் சட்டம் வந்த 1972ல் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சியாளர்களாக இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள். அக்கோஸ்டா, கார்ப்பென்டர் இருவரின் நீண்டகால ஆய்வின்படி 2014ல் அது 43 சதவீதம். சட்டம் வந்து பணமும் வந்ததும் நாற்காலிகள் ஆண்களுக்குப் போயின. ஆனால் அந்தக் கேள்வியை ஆளெடுக்கிற பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் கேட்க வேண்டும். தன் வேலையைத் திறம்படச் செய்த ஒரு பெண்ணிடம் "நீ ஏன் போகவில்லை" என்று கேட்பது குற்றவாளியை விட்டுவிட்டு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது.

2018ல் பெண்கள் கூடைப்பந்துப் புகழ்மண்டபம் டெய்லியைச் சேர்த்துக்கொண்டது. 2024 நவம்பர் 20 அன்று ஆரியெம்மா 1,217வது வெற்றியோடு வாண்டர்வீரின் சாதனையைத் தாண்டியபோது பல்கலைக்கழகம் இருவருக்கும் சேர்த்துத்தான் விழா எடுத்தது. கூட வேலை செய்பவர்களுக்கு உண்மை தெரியும். பதிவேட்டுக்குத்தான் தெரியவில்லை. அதில் 1,217க்கு எதிரே ஒரே ஒரு பெயர். ஒவ்வொரு சீசனுக்கும் எதிரே தலைவர் பெயரோடு துணைப் பயிற்சியாளர்கள் பெயரையும் அச்சிட்டால் என்ன குடி முழுகிவிடும்? இரண்டு வரி அதிகமாகும், அவ்வளவுதான்.

தமிழில் 'ஒத்து ஊதுகிறான்' என்றால் வசவு. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரர் ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். மாலை அவருக்கு விழாது. ஆனால் அவர் மூச்சு விட்டால் ராகம் எங்கே நிற்கும் என்று வித்வானுக்குத் தெரியும். "நீங்கள் ஏன் இன்னும் நாதஸ்வரம் வாசிக்கவில்லை?" என்று அவரிடம் போய்க் கேட்பவருக்குச் சங்கீதம் தெரியாது என்றுதான் அர்த்தம்.