யாருடைய வீட்டுக்கு யார் நிறம் பார்ப்பது?

சென்ற மாதம் வலிகாமத்தில் உள்ள எனது அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். 1995 ஒக்ரோபர் இறுதியில் இலட்சக்கணக்கானோர் தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவில் அவரும் பூட்டிவிட்டுப் புறப்பட்ட வீடு அது. திரும்பி வந்தபோது கூரை இருக்கவில்லை. பின்னர் சிறுகச் சிறுகத் திருத்தி, அதிலேயே வாழ்ந்து வருகிறார்.

இம்முறை அந்த வீட்டை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. வெளிச்சுவர் கருஞ்சாம்பல். ஹோல் இளஞ்சாம்பல். அறைகள் அதனிலும் சற்றுக் கடுஞ்சாம்பல். நிலத்து ரைல்ஸும் படிகளும் அதே சாம்பல். லண்டனில் இருக்கும் எனது மருமகன் காசு அனுப்பி, வட்ஸ்அப்பில் படங்களும் அனுப்பி, முழு வீட்டையும் ஒரே நிறத்திட்டத்தில் முடிப்பித்திருக்கிறான்.

அக்காவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. ஒரு கண்ணில் வெண்புரை. முழங்காலில் கட்டொன்று இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"விறாந்தையிலையிருந்து ஹோலுக்கு ஏறுற படி தெரியேல்லைத் தம்பி. நிலமும் படியும் ஒண்டாக் கிடக்குது."

"நிறம் பாக்கேக்க நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னை ஆர் கேட்டது? அவன்தானே காசு அனுப்பினவன்."

அக்கா குறையாகச் சொல்லவில்லை. அதுதான் நியாயம் என்று நம்பியே சொன்னார். அது நியாயமல்ல என்று சொல்லவே இதனை எழுதுகிறேன். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் சிலருக்கு இது கசக்கக்கூடும். பொறுத்தருள்க.

முதலில் வெளிச்சத்தைப் பார்ப்போம். லண்டன் வடக்கு அகலக்கோடு 51 பாகையிலும் யாழ்ப்பாணம் 10 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கின்றன. முகில் மூடிய வானத்தின் கீழ் மென்மையாகத் தோன்றும் சாம்பல், எங்கள் உச்சிவெயிலில் காயாத சீமெந்துச் சாந்து போலத் தோன்றும். கருஞ்சாம்பல் பூசிய மேற்குச் சுவர் பின்னேரம் முழுவதும் வெயிலைக் குடித்துவிட்டு, இரவில் அந்த வெக்கையை அறைக்குள் விடுகிறது. அந்த அறையில்தான் அக்கா படுக்கிறார். மருமகன் படுப்பதில்லை. எங்கள் முன்னோர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, அதில் சிறிது நீலமும் கலந்தது வேறு நிறம் கிடைக்காத ஏழ்மையால் மட்டுமல்ல. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சுவரின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது கண். ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதைக் கருமைக்கு 0, தூய வெண்மைக்கு 100 என்று அளக்கிறார்கள். பல நிற அட்டைகளில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். பார்வை குறைந்தவர்கள் சுவரையும் நிலத்தையும், கதவையும் சுவரையும் பிரித்தறிய, அடுத்தடுத்த பரப்புகளுக்கிடையே 30 புள்ளி வேறுபாடாவது வேண்டும் என்று பிரித்தானியாவின் கட்டட வழிகாட்டிகள் கூறுகின்றன. மருமகன் வாழும் நாட்டின் அறிவுரைதான் இது. அங்கிருந்து சாம்பல் வந்து சேர்ந்தது, அந்த அறிவுரை வரவில்லை. முதுமையில் கண்வில்லை மஞ்சளித்து மங்கும்போது மெல்லிய நிறங்களுக்கிடையிலான வேறுபாடுதான் முதலில் மறைகிறது. படி மறைகிறது. பிறகு முழங்கால் அடிபடுகிறது.

"சாம்பலில் அழுக்குத் தெரியாது" என்கிறார்கள். வலிகாமத்துச் செம்மண் புழுதி படிந்த சாம்பற் சுவரை ஒருமுறை பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். "வெள்ளை கண்ணைக் கூசும்" என்பது மட்டும் ஓரளவு உண்மை. வெளிச்சுவருக்குப் பளீரென்ற வெள்ளையை நானும் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் அதற்கு மாற்று வெண்மஞ்சளாகவோ இளம் சந்தன நிறமாகவோ இருக்கலாமே.

இன்னொரு கொடுமை காலக்கணக்கு. மார்கழி விடுமுறைக்கு வருகிறோம், அதற்குள் முடித்துவிடுங்கள் என்று கட்டளை வருகிறது. ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை எங்களுக்கு மாரி. புதிய சீமெந்துப் பூச்சு நன்றாகக் காய நான்கு வாரமாவது வேண்டும். ஈரச் சுவரில் அடித்த பெயின்ற் கொப்பளித்து உரியும், உப்புப் பூக்கும். இரண்டு வாரம் தங்குபவரின் விடுமுறைக்காக ஐம்பத்திரண்டு வாரமும் வாழ்பவரின் சுவர் பழுதாகிறது.

முழு வீட்டுக்கும் நிறம் தெரிவு செய்வது கடினமான வித்தையன்று. மாற்ற முடியாதவற்றில் தொடங்குங்கள்: நிலம், ஓடு, மரக்கதவு. அவற்றோடு சேர்ந்து போகக்கூடிய இரண்டு அல்லது மூன்று நிறங்கள் முழு வீட்டுக்கும் போதும். ஓர் அறையில் நின்று அடுத்த அறையைப் பார்க்கையில் இரண்டும் சண்டையிடாதிருந்தால் சரி. முகட்டுக்கு வெள்ளை. கதவு நிலைகளுக்கும் படி விளிம்புகளுக்கும் நன்றாகத் தெரியும் கடுநிறம். முக்கியமாக, அட்டையையோ தொலைபேசித் திரையையோ நம்பி முடிவெடுக்காதீர்கள். சிறிய ரின் ஒன்று வாங்கி, சுவரிலேயே இரண்டடிச் சதுரம் பூசி, காலையிலும் உச்சியிலும் இரவு பல்ப் வெளிச்சத்திலும் பாருங்கள். பார்ப்பவர் அந்த வீட்டில் வாழ்பவராக இருக்கட்டும்.

அன்றிரவே மருமகனுடன் பேசினேன். "மாமா, அம்மாவுக்கு வடிவா இருக்கட்டுமெண்டுதானே செய்தனான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. இரண்டு வேலை செய்து சேர்த்த காசு அது என்பதையும் நான் அறிவேன். அதனால் அவனுக்கு ஒரு கேள்வியை மட்டும் விட்டேன்: அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்ன? தொலைபேசியில் நெடுநேரம் சத்தமில்லை.

மறுநாள் படி விளிம்புகளுக்குச் சிவப்பு அடிப்பித்தோம். மேற்குச் சுவர் மாரி முடிய மாறும். குசினிக்கு என்ன நிறம் வேண்டும் என்று அக்காவிடம் அவனே கேட்டான். அவர் உடனே விடை சொல்லவில்லை. இரண்டு நாள் யோசித்தார். "பூவரசம்பூ மஞ்சள், ஆனா மெல்லிசா" என்றார்.

காசு அனுப்புங்கள். அது பிள்ளைகளின் அன்பு, அதனை எவரும் குறை கூறமுடியாது. ஆனால் நிறத்தை அனுப்பாதீர்கள். அதை அங்கே வாழ்பவரிடம் கேளுங்கள்.